பரோக் ஓவியங்களில் அம்மாவின் கை

கேள்வி இதுதான்: "17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் ஓவியங்களில் அம்மாவும் பிள்ளையும் ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறார்கள்? ஒரு அம்மாகூடப் பிள்ளையை வாரி அணைக்கவில்லை, சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பிள்ளைப் பாசமே கிடையாதா? இல்லை, ஓவியர்களுக்கு அதை வரையத் தெரியவில்லையா?"

பாசம் இருந்தது. ஓவியர்களுக்கு வரையவும் தெரிந்திருந்தது. ஆனால் பரோக் என்று அழைக்கப்படும் அந்தக் காலத்துப் பாணிப் படங்களை யாரும் பாசத்தைக் காட்டுவதற்காக வரையச் சொல்லவில்லை. நாம் முதலில் முகத்தைப் பார்க்கிறோம், அங்கே ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்துபோகிறோம். உயர்குடிப் பெண்ணின் முகத்தில் உணர்ச்சி தெரிவது அன்றைக்கு மரியாதைக் குறைவு. முகம் அமைதியாக, தூரமாக இருந்தாக வேண்டும். அதனால் இந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். அம்மாவின் கை எங்கே இருக்கிறது, பிள்ளையின் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால் போதும், படம் மெல்லப் பேச ஆரம்பிக்கும்.

முதலில், இந்தப் படங்கள் எதற்காக வரையப்பட்டன என்பதைப் பார்ப்போம். இன்றைக்குக் குழந்தையின் போட்டோவை வாட்ஸாப்பில் ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்புகிறோம் அல்லவா, அந்த வேலையையும் இவை செய்தன. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் ராணி ஹென்ரியெட்டா மரியா பிரான்ஸ் நாட்டு இளவரசி. அவருடைய முதல் குழந்தை 1629-இல் பிறந்த அன்றே இறந்துவிட்டது. அடுத்த ஆண்டு மே 29-இல் மகன் பிறந்தான். பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆனவன். பிள்ளைக்கு நான்கு மாதமானபோது, பிரான்சில் இருந்த தன் பழைய தோழிக்கு ராணி ஒரு கடிதம் எழுதினார். பிள்ளை நல்ல குண்டு, உயரம், பார்ப்பவர்கள் ஒரு வயதுக் குழந்தை என்றே நினைக்கிறார்கள், அதற்குள் பல் முளைக்கத் தொடங்கிவிட்டது என்று பெருமை. அப்புறம் ஒரு வரி: இப்போது ரொம்பக் கருப்பாக இருக்கிறான், எனக்கே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிறம் வந்ததும் அவன் படத்தை அனுப்புகிறேன். இதைப் படித்தபோது எனக்கு 400 ஆண்டு இடைவெளி ஒரு நொடியில் காணாமல் போனது. இந்தத் தாய்க்குப் பாசம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே ராணியை 1632-இல் அந்தோனி வான் டைக் வரைந்தார். ஆன்ட்வெர்ப்பில் 1599-இல் பிறந்த வான் டைக் அந்த ஆண்டுதான் லண்டனில் சார்லஸின் அரசவை ஓவியராகச் சேர்ந்திருந்தார். மூன்று மீட்டர் உயரத்துக்கு மன்னர், ராணி, இரண்டு பிள்ளைகள். மூத்த மகன் அப்பாவை ஒட்டி நிற்கிறான். கைக்குழந்தை மேரி அம்மாவின் கையில். மன்னர் நம்மைப் பார்க்கிறார், ராணி மன்னரைப் பார்க்கிறார். கையில் இருக்கும் குழந்தையை ராணி பார்க்கவே இல்லை! ஏனென்றால் இது வைட்ஹால் அரண்மனையில் தொங்கவிடுவதற்கான படம். இந்த நாட்டுக்கு வாரிசு இருக்கிறது, அரசவம்சம் தொடரும், ராணி மன்னருக்கு இணக்கமானவர் என்று வருகிற தூதர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியது அதன் வேலை. குண்டுக் குழந்தையைப் பற்றிப் பூரித்துப்போய் எழுதிய அந்த அம்மா கடிதத்தில் இருக்கிறார். படத்தில் இருப்பவர் ராணி.

1635-இல் இன்னொன்று நடந்தது. ராணியின் அக்கா கிறிஸ்டீன் இத்தாலியின் டூரினில் சவாய் கோமகளாக இருந்தார். அவருக்கு அனுப்புவதற்காக மூத்த மூன்று பிள்ளைகளையும் வான் டைக் வரைந்தார். பட்டத்து இளவரசன் சார்லஸுக்கு அப்போது ஐந்து வயது. தரை வரை நீண்ட குழந்தைக் கவுனில் வரைந்துவிட்டார். படத்தில் பிள்ளைகளின் உடை விஷயத்தில் மன்னருக்குக் கோபம் என்று சவாய் தூதர் ஊருக்கு எழுதினார். அதே ஆண்டில் வான் டைக் வரைந்த அடுத்த படத்தில் இளவரசன் பெரியவர்களைப் போலக் கால்சட்டை, மேல்சட்டை அணிந்து நிற்கிறான். இப்போது முதல் படம் டூரினில் இருக்கிறது, இரண்டாவது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இந்தக் கவுன் விஷயம் பலரைக் குழப்பும். அந்தக் காலத்தில் ஆண் குழந்தைகளுக்கும் ஆறு ஏழு வயது வரை கவுன்தான். சிறுநீர் கழிக்க வசதி, வளரும் பிள்ளைக்கு அளவு மாற்றத் தேவையில்லை. அதனால் படத்தில் இருப்பது மகளா மகனா என்று உடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடுப்பில் சிறு வாள், கையில் தொப்பி, கழுத்துப் பட்டியின் வெட்டு என்று பார்க்க வேண்டும். பையனுக்கு முதன்முதலாகக் கால்சட்டை போடுவது வீட்டில் ஒரு சடங்கு மாதிரி. அதுவரை பெண்களின் பொறுப்பில் இருந்தவன் அதன்பின் ஆண்களின் உலகத்துக்குப் போகிறான். அம்மாவின் பக்கத்தில் கவுனோடு நிற்கும் பையனின் படத்தில் அந்தப் பிரிவும் இருக்கிறது, இன்னும் சில வருடம்தான் என்று.

இங்கிலாந்துக்குப் போவதற்கு முன்னால் வான் டைக் இத்தாலியில் இருந்தார். 1621 முதல் 1627 வரை, பெரும்பாலும் ஜெனோவாவில். ஜெனோவா கடல் வணிகத்தாலும் ஸ்பெயின் மன்னர்களுக்குக் கடன் கொடுத்தும் பணக்கார நகரமானது. அங்கே மன்னர் கிடையாது, சில குடும்பங்கள்தான் எல்லாம். கிரிமால்டி, கத்தானியோ, பால்பி, தோரியா என்று. அரண்மனைச் சுவருக்குப் பொருந்தும் அளவில் பெண்களை முழு உருவமாக வரைய வைத்தார்கள். ஓவியர் ரூபன்ஸ் 1606-இல் தொடங்கி வைத்த பாணி அது, வான் டைக் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

அதில் ஒரு படம் 1623-இல் வரைந்த எலெனா கிரிமால்டி கத்தானியோ. இப்போது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 2.4 மீட்டர் உயரம். கருப்பு உடையில் மாடியில் நடந்து வருகிறார், மணிக்கட்டில் மட்டும் சிவப்பு. பின்னால் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் சிவப்புக் குடை பிடிக்கிறான். அந்தக் குடை அவர் தலைக்குப் பின்னால் வட்டமாக விரிந்து, தேவாலயப் படத்தில் புனிதருக்கு இருக்கும் ஒளிவட்டம் போலத் தெரிகிறது. கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிற கோணம், தலை சிறியது, உடல் கோபுரம். இந்தப் பெண்ணின் பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் பதிவில் இருக்கிறது. குடை பிடித்த பையனுக்குப் பெயர் இல்லை. அவனும் ஒரு தாயின் பிள்ளைதானே. அந்தப் படத்தின் முன் அதிக நேரம் நின்றால் அந்த எண்ணம் விடாது.

சரி, எலெனாவின் சொந்தப் பிள்ளைகள் எங்கே? தனிப் படங்களில். மகன் ஃபிலிப்போ ஒரு கேன்வாஸில், அவனைவிடச் சின்னவளான மகள் இன்னொரு கேன்வாஸில், இரண்டும் அம்மாவின் படத்தில் பாதி உயரம். மகனுக்கு நான்கு வயது. ஒரு நாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு எஜமான் நான்தான் என்கிற மாதிரி நிற்கிறான். நாய்க்குட்டிக்கோ நிற்க மனமில்லை. மகள் வெள்ளை உடையில், கையில் ஆப்பிள். மூன்றும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் வரையப்பட்டவை. அம்மாவையும் பிள்ளைகளையும் ஒரே சட்டத்துக்குள் வைக்காதது அன்பில்லாததால் அல்ல, மகன் அடுத்த தலைமுறையின் தலைவன் என்பதால். அவனுக்குத் தனி இடம் வேண்டும். நான்கு வயதுக் குழந்தையை இப்படிப் பார்ப்பது நமக்குக் கொடுமையாகத் தெரியலாம். ஆனால் வான் டைக்கின் தூரிகை அந்த வயதை மறக்கவில்லை. கயிற்றை இறுகப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கை நான்கு வயதுக் கைதான்.

கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்பதால், எனக்கே முதலில் இடித்த ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும். கொலோனைச் சேர்ந்த யாபாக் என்ற வங்கியாளர் வான் டைக்கிடம் தன்னை வரையச் சொன்னவர். வான் டைக் எப்படி வேலை செய்தார் என்று அவர் சொன்னதை ரோஜே த பீல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம்தான். கடிகாரம் காட்டியதும் எழுந்து வணங்கி அடுத்த நாளைக்கு நேரம் சொல்லி அனுப்பிவிடுவார். வேலைக்காரன் தூரிகைகளைக் கழுவி வேறு வண்ணத் தட்டைக் கொண்டுவருவான், அடுத்தவர் உள்ளே வருவார். உடையைப் பிறகு வாங்கிவைத்து உதவியாளர்கள் வரைவார்கள். கைகளுக்கென்றே கூலிக்கு ஆண், பெண் மாடல்கள் இருந்தார்கள்.

அப்படியென்றால் பிள்ளையின் தோளில் இருக்கும் அந்த அழகான நீண்ட விரல்கள் அம்மாவுடையதே இல்லாமல் இருக்கலாம்! முதலில் எனக்கு இது பெரிய ஏமாற்றம். யோசித்துப் பார்த்தபின் இதுவே என் நம்பிக்கையைக் கூட்டியது. விரல் யாருடையதாக இருந்தால் என்ன? அது எங்கே இருக்க வேண்டும், தோளைத் தொட வேண்டுமா, கையைப் பிடிக்க வேண்டுமா, விலகி நாற்காலியில் கிடக்க வேண்டுமா என்று முடிவு செய்தவர் ஓவியர். அதைப் பார்த்து, சரி, இது எங்கள் குடும்பம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள் வீட்டார். தற்செயலாக விழுந்த கை ஒன்றுகூட இந்தப் படங்களில் இல்லை.

அணைப்பு ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஐரோப்பிய ஓவியத்தில் பிள்ளையை மார்போடு அணைத்த தாய் என்றாலே அது மாதாவும் குழந்தை இயேசுவும்தான். பல நூறு ஆண்டுகளாக அந்த உருவம் கோவில் பீடத்தில் இருந்தது. ஒரு பெண், அவள் எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், தன் பிள்ளையோடு அப்படி உட்கார்ந்தால் பார்ப்பவர் மனதில் மாதா வந்து நிற்பார். பெரும்பாலோர் அதைத் தவிர்த்தார்கள். சிலர் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டார்கள். 1664 வாக்கில் லண்டனில் பீட்டர் லீலி வரைந்த பார்பரா வில்லியர்ஸ் படம் அப்படிப்பட்டது. பார்பரா இரண்டாம் சார்லஸின் காதலி, மன்னருக்குப் பல பிள்ளைகளைப் பெற்றவர். படத்தில் மாதாவின் சிவப்பு உடை, நீலப் போர்வை, மடியில் மன்னருக்குப் பிறந்த மகன். இப்போது லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. முறைப்படியான ராணிக்குக் குழந்தையே இல்லாத நேரத்தில், அரசனின் ரத்தம் என் மடியில் இருக்கிறது என்று ஒரு பெண் மாதாவின் கோலத்தில் அமர்ந்து சொல்கிறாள். வெறும் அணைப்பு என்றா இதைச் சொல்வது? அந்தக் கை பிள்ளையைப் பிடித்திருப்பது நம் கண்ணுக்குக் கனிவாகத் தெரிந்தாலும், விறைப்பாக நிற்கும் ஜெனோவாச் சீமாட்டியைவிட இங்கேதான் அரசியல் அதிகம்.

அடுத்தது பால். சங்கப் பாடல்களில் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு என்று படித்திருப்போம். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெரிய வீடுகளிலும் அப்படித்தான். பிறந்ததும் பிள்ளை செவிலியிடம் போய்விடும். தாய் பால் கொடுத்தால் அடுத்த கர்ப்பம் தள்ளிப்போகும், வாரிசுகள் வேண்டிய குடும்பத்துக்கு அது நஷ்டம். பால் கொடுக்கும் காலத்தில் கணவனோடு சேர்ந்தால் பால் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை வேறு. 1622-இல் இங்கிலாந்தின் லிங்கன் கோமகள் எலிசபெத் கிளின்டன் ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டார்: பெற்ற தாய்தான் பால் கொடுக்க வேண்டும், அது கடவுள் கட்டளை என்று. 18 பிள்ளைகள் பெற்ற அவர், தன் பிள்ளைகளுக்குத் தான் அதைச் செய்யவில்லை என்பதையும் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டிருக்கிறார். தடுத்தது பிறரின் சொல், தவறான ஆலோசனை என்கிறார். இந்த வருத்தத்தையும் அந்த விறைப்பான படங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் காலத்தின் மிக இயல்பான குழந்தைப் படங்களில் ஒன்றில் அம்மாவே இல்லை. ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1619-20 வாக்கில் வரைந்தது, பெர்லினில் இருக்கிறது. குழந்தை கதரினா ஹூஃப்ட். ஆம்ஸ்டர்டாம் நகரை ஆண்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள்; பின்னாளில் நகரத் தலைவர் ஒருவரை மணந்தாள். படத்தில் அவளுக்கு ஒரு வயதைத் தாண்டி இருக்கும். விலை உயர்ந்த சரிகைத் துணி, கழுத்தில் பெரிய லேஸ், கையில் தங்கக் கிலுகிலுப்பை. அவளை வைத்திருப்பவள் செவிலி, எளிய கருப்பு உடை. செவிலி ஒரு பழத்தை நீட்டுகிறாள். குழந்தை யாரோ கூப்பிட்ட மாதிரி நம் பக்கம் திரும்பி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு பார்க்கிறாள். அவளுடைய இன்னொரு கை செவிலியின் மார்பின் மேல் இருக்கிறது. தினமும் அங்கே வைத்துப் பழகிய கை. படத்துக்குப் பணம் கொடுத்தது பெற்றோர்தான். அந்தக் கையை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்களே, அதற்காக அவர்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஸ்பெயினுக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1656-இல் ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' உலகத்துக்கே தெரியும். நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரிட்டா. சுற்றிலும் பணிப்பெண்கள், குள்ள உருவம் கொண்டவர்கள், படுத்திருக்கும் நாய், இடது பக்கம் தூரிகையோடு ஓவியரே. ஒரு பணிப்பெண் மண்டியிட்டுச் சிறு சிவப்பு மண்குவளையை நீட்டுகிறாள். அம்மா எங்கே? பின் சுவர்க் கண்ணாடியில், நான்காம் பிலிப் மன்னருக்குப் பக்கத்தில், மங்கலான ஒரு முகமாக. அவர்தான் ராணி மரியானா. அப்போது வயது 21. இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் கண்ணாடியைப் பற்றியும் கண்ணோட்டத்தைப் பற்றியும் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு இது ஒரு தாய்-மகள் படம். மகள் பார்ப்பது அம்மா நிற்கும் இடத்தை. அந்த இடத்தில் இப்போது நிற்பது நாம். குழந்தையின் உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண் மட்டும் நம்மிடம் ஓடிவருவது ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்றால், அந்த வயதில் ஒரு குழந்தை அப்படிப் பார்ப்பது அம்மாவைத்தான்.

மரியானாவின் கதை கடினமானது. முதலில் அவரை மன்னரின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவன் 1646-இல் 16 வயதில் இறந்துபோனான். ஆண் வாரிசு இல்லாத மன்னர் 1649-இல் தானே அவரை மணந்தார். மரியானாவுக்கு 14 வயது, மன்னர் அவருக்குத் தாய்மாமன். மார்கரிட்டாவுக்கு அப்புறம் எல்லோரும் எதிர்பார்த்த மகன் 1657 நவம்பரில் பிறந்தான், ஃபெலிப்பே புரோஸ்பெரோ. பலவீனமான குழந்தை. அவனுக்கு இரண்டு வயதானபோது, 1659-இல், வெலாஸ்கெஸ் வரைந்தார். வியன்னாவிலிருந்த உறவினருக்கு அனுப்புவதற்காக. இன்றும் வியன்னாவில்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இருண்ட அறை. சிவப்புக் கவுன், அதன் மேல் மெல்லிய வெள்ளை ஏப்ரன். ஏப்ரனுக்குக் குறுக்கே கயிறுகள், அவற்றில் தொங்கும் சின்னச் சின்னப் பொருட்கள்: ஒரு மணி, நோய் அண்டாமல் இருக்க நறுமணப் பொருள் வைத்த உருண்டை, திருஷ்டி படாமல் இருக்கத் தாயத்துகள். உலகத்தின் மிகப் பெரிய பேரரசுக்கு வாரிசு, உடம்பெல்லாம் தாயத்து. வலது கை ஒரு சிறிய நாற்காலியின் முதுகின் மேல் கிடக்கிறது. எதையும் பிடிக்காத கை, வெளுத்துப்போய். அந்த நாற்காலியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி தாடையை வைத்துப் படுத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. வெலாஸ்கெஸுக்குப் பிரியமான ஒரு நாயின் உருவம் அது என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பலோமினோ எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கயிறுகளை அந்தப் பிள்ளைக்குக் கட்டிய கை படத்தில் இல்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் யாரோ பயந்திருக்கிறார்கள். பிள்ளை 1661 நவம்பர் 1-ஆம் தேதி இறந்துபோனான், நான்கு வயது நிறையவில்லை. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 6-இல், மரியானாவுக்கு அடுத்த மகன் பிறந்தான், கார்லோஸ். ஒரு பிள்ளையைப் புதைத்த வாரத்திலேயே இன்னொரு பிள்ளையைப் பெற்ற அந்தப் பெண்ணின் முகம் படங்களில் இறுகி இருக்கிறது என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1665-இல் மன்னர் இறந்தார். கார்லோஸுக்கு நான்கு வயதுகூட இல்லாததால் மரியானா அவன் சார்பில் ஆட்சி நடத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வெலாஸ்கெஸின் மருமகன் மாசோ அவரை வரைந்தார். லண்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. கன்னியாஸ்திரி போலக் கருப்பும் வெள்ளையுமாக விதவைக் கோலம், கையில் ஒரு தாள், காலடியில் நாய். பின்னால் திறந்திருக்கும் கதவு வழியே ஓர் அறை தெரிகிறது. அங்கே, தூரத்தில், பணியாளர்கள் சூழக் குட்டி மன்னன், பக்கத்தில் விளையாட்டு வண்டி. 'லாஸ் மெனினாஸ்' அப்படியே தலைகீழாகிவிட்டது. அங்கே மகள் முன்னால், அம்மா கண்ணாடிக்குள். இங்கே அம்மா முன்னால், மகன் கதவுக்கு அப்பால். பத்து ஆண்டுதான் இடைவெளி. என்னைக் கேட்டால் பரோக் காலத்துத் தாய்-பிள்ளை ஓவியத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு படங்களே போதும். ஒன்றில் தாய் வம்சத்தைக் கொடுத்தவள், இன்னொன்றில் அதைக் காப்பவள். இரண்டிலும் தாயின் கை பிள்ளையைத் தொடவில்லை.

பிரான்சில் இதே காரியத்தைப் புராண வேடத்தில் செய்தார்கள். 1691-இல் பியர் மின்யார், ஏறக்குறைய எண்பது வயதில், செய்னெலே சீமாட்டியைக் கிரேக்கப் புராணத்தின் கடல் தெய்வம் தெட்டிஸாக வரைந்தார். மூத்த மகன் தெட்டிஸின் மகனான வீரன் அக்கிலிஸ் வேடத்தில், இன்னொரு மகன் மன்மதன் கோலத்தில் சங்கு நிறைய நகைகளை நீட்டுகிறான். கணவர் கடற்படை அமைச்சராக இருந்தவர், முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். கண்ணைப் பறிக்கும் நீலம் அது, அன்றைக்கு மிக விலை உயர்ந்த நிறம். அழகான படம்தான், ஆனால் என் மனதில் அதிகம் தங்காதது.

மனதை விட்டுப் போகாத ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. டேவிட் தெ கிராஞ்ச் 1636-37 வாக்கில் வரைந்ததாகக் கருதப்படும் சால்டன்ஸ்டால் குடும்பம், லண்டன் டேட் கலைக்கூடத்தில். வான் டைக்கின் நளினமெல்லாம் இதில் கிடையாது, ஆட்கள் பலகையில் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறார்கள். கட்டிலின் சிவப்புத் திரையை விலக்கியபடி நிற்கிறார் சர் ரிச்சர்ட். கட்டிலில் வெள்ளைத் துணியில், வெளிறிய முகத்தோடு ஒரு பெண். வலது பக்கம் நாற்காலியில் நல்ல உடையில் இன்னொரு பெண், மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை. இடது பக்கம் கவுன் அணிந்த இரண்டு பிள்ளைகள், பெரியது பையன், சின்னது பெண். முதல் பார்வைக்குப் பிரசவ அறை போலத் தெரியும். ஆனால் படுத்திருப்பவர் 1630-இல் இறந்துபோன முதல் மனைவி என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நாற்காலியில் இருப்பவர் 1633-இல் வந்த இரண்டாம் மனைவி.

அதாவது இறந்தவளையும் குடும்பப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது கைகளைப் பாருங்கள். அப்பாவின் கையை மகன் பிடித்திருக்கிறான். மகனின் இன்னொரு கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. கட்டிலிலிருந்து இறந்த தாயின் கை, உள்ளங்கை விரிந்து, தன் இரண்டு பிள்ளைகளின் பக்கம் நீண்டிருக்கிறது. அவர்களை எட்டவில்லை. யார் முகத்திலும் சோகம் இல்லை, கண்ணீர் இல்லை, எல்லோரும் விறைப்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கை எட்டாத தூரத்தைப் பார்த்தபின் விறைப்பு என்ற சொல்லையே நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

பாசம் இருந்ததா என்ற கேள்வி வரலாற்றாசிரியர்களிடமும் பெரிய விவாதமாக இருந்தது. பிரான்ஸின் பிலிப் ஆரியே 1960-இல், குழந்தைப் பருவம் தனியானது என்ற எண்ணமே பழைய ஐரோப்பாவில் இல்லை, அது மெல்லத்தான் உருவானது என்று எழுதினார். ஓவியங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார். 1983-இல் லிண்டா போலக் நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகளையும் சுயசரிதைகளையும் படித்து, பெற்றோர் அன்றும் பிள்ளைகளை நேசித்தார்கள், இழந்தபோது உடைந்துபோனார்கள் என்று காட்டினார். நான் இரண்டாவது பக்கம்.

ஓவியருக்கு வரையத் தெரியவில்லையா என்ற பாதிக் கேள்விக்கு ரூபன்ஸ் பதில் சொல்வார். ஜெனோவாச் சீமாட்டிகளைக் கோபுரங்களாக வரைந்த அதே ரூபன்ஸ், முதல் மனைவி இறந்தபின் 1630-இல், 53 வயதில், 16 வயது ஹெலேனா ஃபூர்மனை மணந்தார். இரண்டு மன்னர்கள் சர் பட்டம் கொடுத்தவர் அவர், பிரபு வீட்டிலேயே பெண் எடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, நான் தூரிகையைக் கையில் எடுப்பதைப் பார்த்து வெட்கப்படாத ஒருத்தி வேண்டும் என்று வணிகர் குடும்பத்தில் பெண் எடுத்ததாக நண்பருக்கு எழுதினார். 1635-இல் ஒரு கோட்டை வீட்டை வாங்கி ஸ்டேன் பிரபுவும் ஆனார். அதற்கு அடுத்த ஆண்டு வாக்கில், எந்தப் பிரபுவும் கேட்காமல், யாருக்கும் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமல், தன் வீட்டுக்காக மரப்பலகையில் ஹெலேனாவையும் பிள்ளைகளையும் வரையத் தொடங்கினார். பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது.

அகலமான தொப்பியோடு ஹெலேனா நாற்காலியில். மடியில் மகன் ஃபிரான்ஸ், அவன் தலையிலும் இறகு வைத்த தொப்பி. அவனைச் சுற்றி அம்மாவின் இரண்டு கைகளும் வளைந்திருக்கின்றன, முகமும் அவன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இடது பக்கம் மகள் கிளாரா ஏப்ரனைத் தூக்கிப் பிடித்தபடி தம்பியைப் பார்க்கிறாள். படம் முடியவில்லை. முகங்கள் மட்டும் நிறைவாக இருக்கின்றன, உடைகள் பழுப்புக் கோடுகளாக ஓடிக் கரைகின்றன.

வலது ஓரத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு சின்னக் கைகள் தெரியும். மூன்றாவது குழந்தை இசபெல்லாவுடையவை. முகம் வரையவில்லை, உடல் வரையவில்லை. அம்மாவை நோக்கி நீண்ட இரண்டு கைகளை மட்டும் முதலில் வரைந்து வைத்திருக்கிறார்.